தொடர் பொத்தானின் கால்

வியாழக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்குப் பதினான்கு பொத்தான்களை ஒரே பொத்தானாக்கிவிட்டு, பெருமையோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்து பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு. முந்நூற்று நாற்பது சோதனைகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு தோல்வி.

இது எப்பேர்ப்பட்ட அடி என்று புரிய வேண்டுமானால், எங்கள் வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நாங்கள் ஒரு மருத்துவமனைக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். நோயாளியின் பெயரைப் பதிவது, மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது, நேரம் கொடுப்பது எல்லாம் தமிழ்த் திரையில். திரைகளைக் கட்டியவர் ஓவியர். அவருக்குப் படம் வரையத் தெரியாது; ஒரு பொத்தானை இம்மி நகர்த்த அரை நாள் யோசிப்பார், அதனால் அந்தப் பெயர். அவர் கட்டியது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது நான். எனக்கு அவர் வைத்த பெயர் சோதனை. நான் அவர் மேசைப் பக்கம் தலையைக் காட்டினாலே, கூரையைப் பார்த்து "இதென்ன சோதனை" என்று பெருமூச்சு விடுவார்.

சோதிப்பதை நான் கையால் செய்வதில்லை. இயந்திரத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன். பெயர்ப் பெட்டியில் பெயரை எழுது, தொடர் பொத்தானை அழுத்து, அடுத்த திரை வருகிறதா பார். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. ஆனால் தொடர் பொத்தான் என்றால் எது? இயந்திரத்துக்குக் கண்ணா இருக்கிறது? அதற்காகத்தான் ஆப்ஜெக்ட் ரெப்பாசிட்டரி என்று ஒன்று வைத்திருக்கிறோம். வாய்க்குச் சுளுவாக ரெப்போ. திரையில் உள்ள ஒவ்வொரு பொத்தானுக்கும் பெட்டிக்கும் அதில் ஒரு பதிவு உண்டு. இடது பக்கம் நாங்கள் கூப்பிடும் பெயர், வலது பக்கம் திரையில் அதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம்.

உங்கள் கைபேசியில் "அக்கா" என்று ஓர் எண்ணைச் சேமித்து வைத்திருப்பீர்கள். அக்கா எண்ணை மாற்றினால் அந்த ஓர் இடத்தில் திருத்தினால் போதும்; அதன்பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் அக்காதான் எடுப்பாள். ரெப்போவும் அப்படித்தான். முந்நூறு சோதனைகள் "தொடர்" என்று கூப்பிடும், ரெப்போ ஆளைக் காட்டிக் கொடுக்கும். பொத்தான் மாறினால் முந்நூறு இடங்களில் திருத்த வேண்டாம், ஓர் இடம் போதும். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

ஆனால் கைபேசியில் நிஜமாக என்ன இருக்கிறது? அக்கா. அக்கா புது நம்பர். அக்கா ஆபீஸ். அக்கா புதுசு 2. எது வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது, அழிக்கவும் பயம். எங்கள் ரெப்போவிலும் தொடர், தொடர்_புதிது, தொடர்_புதிது_சரி, தொடர்_இதுதான், தொடர்_இதைத்_தொடாதே என்று பதினான்கு பேர் குடியிருந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் என் கைவண்ணம். ஓவியர் திரையைத் திருத்தும்போதெல்லாம் நாங்கள் அடையாளமாக வைத்திருந்த, பொத்தான்களின் உள் எண்களை மாற்றிவிடுவார். நான் அவசரத்தில் பழையதைத் திருத்தாமல் புதிதாக ஒன்றைச் சேர்ப்பேன்.

அந்த வாரமும் எண்களை மாற்றினார். இந்த முறை நான் ஒற்றைக் காலில் நின்றேன். இனிமேல் உள் எண் வேண்டாம், பொத்தானின் மேல் எழுதியிருக்கும் சொல்லையே அடையாளமாக வைப்போம் என்றேன். சொற்களை மருத்துவமனையே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுத் தாளில் கொடுத்திருந்தது, அவை மாறப்போவதில்லை. அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டு லேப்டாப்பில் நாற்பத்தாறு பதிவுகளையும் புதிதாக அடித்தேன். பதினான்கு தொடர்கள் ஒரே தொடர் ஆயின. வியாழன் மாலை நுழைவுத் திரைக்கான இருபத்தெட்டுச் சோதனைகளை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் பச்சை. மிச்சத்தைக் காலையில் தானாக ஓடும்படி வைத்துவிட்டு வந்தேன்.

காலையில் பிழைத்திருந்தவை அதே இருபத்தெட்டுதான்.

மேலாளர் வந்து என் பின்னால் நின்றார். அவர் அதிகம் பேசமாட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், நமக்கே புரிந்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு மருத்துவமனைக் குழுவோடு தொலைபேசியில் பேசி, திங்கட்கிழமை மென்பொருள் வருமா வராதா என்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தோம். மூன்றாவது முறையும் தள்ளினால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள். சிவப்போடு ஒன்றை வெளியே அனுப்பமாட்டேன் என்று மேலாளரும் சொல்லிவிட்டார். பழைய ரெப்போவுக்குத் திரும்பலாமா என்று கேட்டார். திரும்ப முடியாது, அதிலிருந்த எண்கள் இப்போது திரையில் இல்லை.

அடுத்த வருடம் என்பது மற்றவர்களுக்கு ஒரு தேதி. எனக்கு அது என் அக்கா.

அக்கா அந்த மருத்துவமனையின் பதிவு மேசையில் இருக்கிறாள். ஆறு வருடமாக அவளுக்குச் சரியாகப் புரியாத ஒரு மொழித் திரையோடு மல்லுக்கட்டுகிறாள். எந்தப் பொத்தானுக்கு என்ன அர்த்தம் என்று ஓர் அட்டையில் கையால் எழுதி, திரைக்குக் கீழே டேப் போட்டு ஒட்டியிருக்கிறாள். பதிவு மேசையில் மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் அந்த அட்டையின் நகல்தான் வேதம். திங்கட்கிழமை அட்டையைக் கிழித்துப் போடுவோம், என் தங்கச்சி செய்து தருகிறாள் என்று எல்லோரிடமும் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள். முதல் முறை தள்ளிப்போனபோது சிரித்தார்கள். இரண்டாவது முறை, "உன் தங்கச்சி பொறந்துட்டாளா இல்லையா" என்று கேட்டார்களாம்.

அதுபோக எங்களுக்குள் ஒரு சின்னப் பிணக்கும் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் மேசைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். அக்கா, நோயாளிகள் வீட்டிலிருந்து பதிவதுபோலத் தன் பெயரையே கைபேசி வழியாகப் பதிந்துவிட்டு, பிறகு மேசைக் கணினியில் தேடியிருக்கிறாள். அப்படி யாரும் இல்லை என்று திரை சொல்லிவிட்டது. "என்னையே காணோங்குதுடி" என்று போன் செய்தாள். எழுத்துப் பிழையாக அடித்திருப்பாய் என்றேன். பள்ளியில் சொல்வதெழுதுதலில் பரிசாக வாங்கிக் குவித்தவளிடம் இதைச் சொல்லலாமா? இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆகவே அன்று காலை மேலாளர் நகர்ந்ததும் சிவப்பின் காரணத்தைத் தேட உட்கார்ந்தேன்.

இயந்திரம் எழுதி வைத்திருந்த காரணம் ஒரே வரி: தொடர் என்ற பொத்தானைக் காணவில்லை. ஓவியரை அழைத்து வந்தேன். அவர் திரையைத் திறந்து, கீழே பெரிதாக, நீலமாக, நட்டநடுவில் இருந்த பொத்தானைச் சுட்டிக்காட்டினார். தொடர் என்று எழுதியிருந்தது. அழுத்தினார். அடுத்த திரை வந்தது.

"நான் எதையும் தொடல. பொத்தான் கல்லு மாதிரி உக்காந்திருக்கு. உங்க மெஷினுக்குத்தான் கண்ணு டெஸ்ட் பண்ணணும்" என்றார்.

ரெப்போவிலிருந்த சொல்லையும் திரையிலிருந்த சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். அச்சாக ஒன்றே. சுழி, வளைவு, புள்ளி எதிலும் வித்தியாசம் இல்லை. முன்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று பார்த்தேன். இல்லை. கண்ணெதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைக் காணவில்லை என்று புகார் கொடுப்பது போலிருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் முறைத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பிக்க வேண்டும். சோதனைகளை விட்டுவிட்டு, ரெப்போவின் நாற்பத்தாறு பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திரையில் தேடச் சொன்னேன். பதினேழு அகப்படவில்லை, இருபத்தொன்பது அகப்பட்டன. வெள்ளைப் பலகையில் இரண்டு பத்தியாக எழுதினேன். அகப்பட்டவை: நுழை, ரகசிய எண், திரும்பு, சேமி, தேடு, நாள், மருத்துவர். காணாமல் போனவை: தொடர், நோயாளி பெயர், தொலைபேசி, நேரம் கொடு, சோதனை முடிவு.

"சோதனையவே காணோமா, நல்லதாப் போச்சு" என்றார் ஓவியர். பிறகு பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காணாமல் போனவற்றுக்கெல்லாம் கொம்பு முளைத்திருக்கிறது, அதுதான் திமிர் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேமி, தேடு இரண்டுக்கும்கூடக் கொம்பு இருக்கிறதே, அவை ஏன் பிழைத்தன? நாளுக்குக் கால் இருக்கிறது, அதுவும் பிழைத்திருக்கிறது. தொ, நோ, கொ, சோ. கொம்பு தனியாக வந்தால் ஒன்றும் ஆகவில்லை. கால் தனியாக வந்தாலும் ஒன்றும் ஆகவில்லை. ஓர் எழுத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் சேர்ந்து வரும் இடங்களில் மட்டும்தான் ஆள் காணாமல் போயிருந்தார். பதினேழையும் விரல் வைத்துச் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

திரையிலிருந்து எடுத்த "தொ"வின் பின்னால் போய் அழிக்கும் விசையை ஒருமுறை தட்டினேன். கொம்பும் காலும் சேர்ந்தே போய், வெறும் "த" நின்றது. என் ரெப்போவில் இருந்த "தொ"வின் பின்னால் போய்த் தட்டினேன். கால் மட்டும் போனது. "தெ" என்று கொம்போடு நின்றது.

ஓவியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னொரு தடவை பண்ணுங்க" என்றார். பண்ணினேன். அவர் ஒருமுறை தட்டிப் பார்த்தார். அப்புறம் இன்னொருமுறை, வெறும் ஆசைக்கு.

விஷயம் இதுதான். கணினி எழுத்தைப் படமாக வைப்பதில்லை, எண்ணாக வைக்கிறது. தகரத்துக்கு ஓர் எண், கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண். இவை தவிர, கொம்பும் காலும் சேர்ந்த ஜோடிக்கும் தனியாக ஓர் எண் உண்டு. ஆகவே "தொ" என்பதை இரண்டு விதமாக வைக்கலாம்: தகரம், அதன் பின் ஜோடி, அல்லது தகரம், கொம்பு, கால் என்று மூன்று துண்டாக. திரையில் வரையும்போது இரண்டும் ஒரே உருவம். ஒப்பிடும்போது இரண்டும் வேறு. ஓவியர் உச்சரிப்பை வைத்து அடிப்பவர். அவருடைய விசைப்பலகை ஜோடியாகப் போடும். நான் தட்டச்சு வகுப்பில் படித்தவள். கொம்பு, எழுத்து, கால் என்று வரிசையாகத் தட்டித்தான் எனக்குப் பழக்கம். என் வீட்டு லேப்டாப்பில் இருந்த சின்னத் தமிழ்த் தட்டச்சுச் செயலி கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்தி வைத்தது, காலை அதோடு சேர்க்க மறந்துவிட்டது. நானே அடித்த கால் என் காலை வாரிவிட்டது.

பதினேழையும் திரும்ப அடிப்பது பத்து நிமிட வேலை. ஆனால் நாளைக்கு வேறொருவர் வேறொரு விசைப்பலகையோடு வந்தால் மறுபடி இதே கதை. ஆகவே ரெப்போவின் வாசலில் ஒரே ஒரு வரி எழுதினேன்: உள்ளே வரும் எந்தச் சொல்லானாலும், திரையிலிருந்து எடுக்கும் எந்தச் சொல்லானாலும், ஒப்பிடுவதற்கு முன்னால் கொம்பையும் காலையும் சேர்த்துவிடு. இதைச் செய்வதற்கென்றே ஆயத்தமான கட்டளை ஒன்று இருக்கிறது. பதினான்கு தொடர்களை வைத்துக்கொண்டு இதே குழப்பம் வந்திருந்தால், எது எந்த அடையாளத்தில் இருக்கிறது என்று தேடவே சாயங்காலம் ஆகியிருக்கும். இப்போது இருந்தது ஒரு தொடர், ஒரு வாசல், ஒரு வரி.

பன்னிரண்டே காலுக்கு ஓட்டினேன். முழுவதும் ஓட முப்பத்தைந்து நிமிடம் பிடிக்கும். நாங்கள் மூவரும் வேறு வேலை பார்ப்பதுபோல நடித்துக்கொண்டு அந்தத் திரையையே பார்த்தோம். பச்சை ஒவ்வொன்றாக விழுந்தது. முந்நூற்று நாற்பதாவதும் விழுந்ததும் மேலாளர் கடிகாரத்தைப் பார்க்காமலேயே சாப்பிடப் போனார். அது அவர் கைதட்டுவதற்குச் சமம்.

மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டேன். அவளுக்கும் உணவு இடைவேளை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அழிக்கும் விசையை, தனியாகப் போன காலை, தனியாக நின்ற கொம்பை. அவள் வாயில் எதையோ மென்றுகொண்டே உம் கொட்டினாள். முடித்ததும் மெல்வது நின்றது.

"அப்போ அன்னிக்கு என்னைக் காணோம்னு சொல்லுச்சே, அதுவும் இதுதானாடி?"

அக்காவின் பெயரில் அந்த ஜோடி இருக்கிறது. கைபேசியில் அவள் ஒரு விதமாக அடித்திருப்பாள். மேசைக் கணினியில் இருக்கும் விசைப்பலகை என்னுடையதைப் போலத்தான்.

"இரு அக்கா, கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். புதிதாக ஒரு சோதனை எழுதினேன், முந்நூற்று நாற்பத்தொன்று. ஒரு பெயரை ஜோடியாகப் பதி, துண்டாகத் தேடு. ஓட்டினேன். அப்படி யாரும் இல்லை என்றது திரை. சிவப்பு.

மணி ஒன்று இருபது. இந்தச் சிவப்பைப் பார்த்தது நான் ஒருத்திதான். முந்நூற்று நாற்பதும் பச்சை என்று எழுதி அனுப்பினால் அதில் பொய் எதுவும் இல்லை. திங்கட்கிழமை அக்கா அட்டையைக் கிழித்துவிடலாம். அதன்பிறகு வரிசையில் வருபவர் யாராவது, நேற்றே கைபேசியில் பதிந்தேனே அம்மா என்பார். இல்லையே என்பாள் அக்கா. தப்பாக அடித்திருப்பீர்கள் என்பாள், நான் அவளிடம் சொன்னதைப் போலவே.

மேலாளரின் அறைக்கதவைத் தட்டினேன். முந்நூற்று நாற்பத்தொன்றைக் காட்டினேன். என் சோதனையில் இருந்த கோளாறு இல்லை இது, நாம் செய்த மென்பொருளிலேயே இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு வாரத்துக்கு முன்பே புகார் வந்தது, நான்தான் காதில் வாங்கவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் இப்போது கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணரை மணி நேரம் இருக்கு. மூணு மணிக்கு நான் ஆமான்னோ இல்லைன்னோ சொல்லிடுவேன். நடுவுல ஒரு பதில் கிடையாது" என்றார்.

ஓவியர் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தார். "இதென்ன சோதனை" என்று சொல்லவில்லை. என்னிடமிருந்து அந்த ஒரு வரியைத்தான் கேட்டார். பெயர் உள்ளே போகும் இடத்தில் ஒன்று, தேடும் இடத்தில் ஒன்று என இரண்டு இடங்களில் அதை வைத்தார். ஏற்கெனவே உள்ளே போன பெயர்கள் என்ன ஆவது? பயிற்சியில் பதிந்த அறுநூறு பெயர்கள் இருந்தன. அவற்றையும் ஒருமுறை அந்த வரி வழியாக நடத்திக் கூட்டி வந்தோம். நடத்தியதும் நான்கு பேர் இரட்டையாக நின்றார்கள். ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, ஒரே தொலைபேசி எண், இரண்டு கோப்பு. இத்தனை நாளும் கணினிக்கு அவர்கள் எட்டுப் பேர். அந்த நால்வரில் ஒருத்தி அக்கா. கைபேசியில் பதிந்தது ஒரு அக்கா. காணவில்லை என்றதும் மேசையில் மறுபடி பதிந்தது இன்னொரு அக்கா.

"ஒரு அக்காவையே சமாளிக்க முடியல எனக்கு" என்றேன்.

"எங்க வீட்ல மூணு" என்றார் ஓவியர், தட்டுவதை நிறுத்தாமல்.

இரண்டு அக்காக்களையும் ஒருத்தியாக்கினோம். மறுபடி எல்லாவற்றையும் ஓட்ட முப்பத்தைந்து நிமிடம். மணி இரண்டு இருபது. அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் ஓவியர் தன் சாப்பாட்டைத் திறந்தார், மூடினார், திறந்தார். இரண்டு ஐம்பத்தைந்துக்கு முந்நூற்று நாற்பத்தொன்றும் பச்சை. மேலாளர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியாக அவர் வாயசைவு மட்டும் தெரிந்தது. ஆமா என்று சொல்லும்போது வாய் திறந்து மூடும். இல்லை என்றால் மூடாது. திறந்து மூடியது.

திங்கட்கிழமை காலை முதல் நாள் துணைக்கு என்று நானும் மருத்துவமனைக்குப் போனேன். அக்கா என்னைத் தெரியாதவள்போல ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். ஐந்து மேசைகளிலும் தமிழ்த் திரை. அட்டை இருந்த இடத்தில் டேப்பின் பிசின் மட்டும் சதுரமாகப் பளபளத்தது. வரிசையில் ஏழாவதாக வந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர், வலது காலில் மாவுக்கட்டு. காலையில் வீட்டிலிருந்தே கைபேசியில் பதிந்துவிட்டதாகச் சொன்னார். பெயரைக் கேட்டதும் எனக்குக் காது நிமிர்ந்தது. கொம்பும் இருந்தது, காலும் இருந்தது. அக்கா அடித்தாள். அவள் தட்டிய ஒவ்வொரு விசையையும் நான் எண்ணினேன். ஓட்டுநர் திரையில் வந்து நின்றார், ஒருவராக.

அக்கா நாற்காலியில் சாய்ந்து, முதல் முறையாக என் பக்கம் திரும்பினாள்.

"கால் பிரிஞ்சு வந்தா இங்க டாக்டருங்க கட்டுப் போடுவாங்க. நீ எழுத்துக்கே போட்டிருக்கே" என்றாள். பிறகு பக்கத்து மேசைக்காரியிடம், சத்தமாக: "பாத்துக்கோ, இவதான் என் தங்கச்சி. பொறந்துட்டா."

ஓட்டுநர் தன் மாவுக்கட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமலேயே சேர்ந்து சிரித்தார். அவருக்கு நேரம் கொடுக்க வேண்டியிருந்தது. அக்கா திரும்பி, நட்டநடுவில் நீலமாக இருந்த தொடர் பொத்தானை அழுத்தினாள்.